போர்ஷே 911 டர்போ எஸ், மெக்லாரன் 720எஸ்: வாங்குமுன் எப்படி ஒப்பிடுவது?

அதிவேகச் சொகுசுக் கார்களை ஒப்பிட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் புரட்டுவது, நிறுவனக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண் அட்டவணையைத்தான். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வாய்ப்பான அளவுகோலில் அளந்து அச்சிட்ட எண்களை அப்படியே எதிரெதிரே எழுதிக் கூட்டிக் கழித்தால், படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒப்பிட்ட கதையாகிவிடும். எண்களை முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே காரில் ஏறி உட்கார வேண்டும். இந்த வரிசையை விளக்குவதற்கு, 2020இல் வெளிவந்த, 992 என்ற எண்ணால் நிறுவனம் குறிப்பிடும் தலைமுறையைச் சேர்ந்த போர்ஷே 911 டர்போ எஸ்ஸையும், 2017இல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மெக்லாரன் 720எஸ்ஸையும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வாங்குபவரின் பட்டியலில் இரண்டும் சேர்ந்து இடம்பெறுவது வழக்கம். ஆனால் கட்டப்பட்ட விதத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை.

911இல் 3745 கன செ.மீ. கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர்கள் கிடைமட்டமாகப் படுத்த எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. நான்கு சக்கரங்களும் காரை இயக்குகின்றன. எட்டு வேக டூயல் கிளட்ச் கியர்பெட்டி உண்டு. 720எஸ்ஸில் 3994 கன செ.மீ. வி8, அதாவது எட்டு சிலிண்டர்கள் ஆங்கில V வடிவில் நிற்கும் எஞ்சின் இருக்கைகளுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது; பின் சக்கரங்கள் மட்டுமே இயக்குகின்றன; கியர்பெட்டி ஏழு வேகம். இரண்டிலும் இரட்டை டர்போ, அதாவது புகைவாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி இரண்டு. உடலமைப்பில், போர்ஷே எஃகும் அலுமினியமும் கலந்தது. மெக்லாரனில் பயணிகள் அமரும் பகுதி முழுவதும் கார்பன் இழையால் ஆன ஒரே கூடு, அதன் முன்னும் பின்னும் அலுமினியச் சட்டங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. கீழே வரும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பிலிருந்தே பிறப்பவை.

எடையில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 720எஸ்ஸுக்கு 1283 கிலோ என்ற எண் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உலர் எடை. அதாவது பெட்ரோல், எண்ணெய், குளிர்விப்பு நீர் எதுவும் இல்லாமல், எடையைக் குறைக்கும் விருப்பப் பாகங்கள் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்தது. அந்த நிலையில் எந்தக் காரும் ஓடாது. டின் (DIN) என்ற ஜெர்மானியத் தர நிர்ணய அமைப்பின் முறைப்படி எல்லாத் திரவங்களோடும் பெட்ரோல் தொட்டி 90 சதவீதம் நிரம்பிய நிலையிலும் அளந்தால் அதே கார் 1419 கிலோ. போர்ஷே 911 டர்போ எஸ்ஸுக்கு டின் முறையில் 1640 கிலோ. ஐரோப்பிய ஒன்றிய முறையில் ஓட்டுநருக்கும் சிறு சுமைக்குமாக 75 கிலோ சேர்த்து 1715 கிலோ. ஒரு கையேட்டின் 1283ஐயும் இன்னொன்றின் 1715ஐயும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு 432 கிலோ என்று தோன்றும். ஒரே முறையில் பார்த்தால் 221 கிலோதான். அதுவே பெரிய வேறுபாடு என்பது வேறு விஷயம். ஆனால் இல்லாத 211 கிலோவுக்காக ஒருவர் முடிவை மாற்றிக்கொள்ளக் கூடாது அல்லவா?

குதிரைத்திறனிலும் இதே சிக்கல் உண்டு. ஐரோப்பிய மெட்ரிக் குதிரைத்திறனும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குதிரைத்திறனும் ஒன்றல்ல. பின்னது சற்றுப் பெரிய அலகு. மெட்ரிக் அளவில் 720 என்பது பிரிட்டிஷ் அளவில் 710. போர்ஷேயின் 650 அமெரிக்கக் கையேட்டில் 640 என்று நிற்கும். காரின் திறன் எங்கும் குறைந்துவிடவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது. இரண்டையும் மெட்ரிக் அளவிலேயே எடுத்து, டின் எடையால் வகுத்தால், 911க்கு டன்னுக்கு ஏறத்தாழ 396 குதிரைத்திறனும், 720எஸ்ஸுக்கு ஏறத்தாழ 507ம் கிடைக்கின்றன. காகிதத்தில் இவ்வளவு தெளிவான வெற்றி இருக்கும்போது, நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் ஓட்டத்தில் மெக்லாரன் தோற்கிறது. 911க்கு 2.7 வினாடி, 720எஸ்ஸுக்கு 2.9 வினாடி.

இந்த முரணைப் புரிந்துகொண்டாலே பாதி ஒப்பீடு முடிந்த மாதிரி. 2.7 வினாடியில் 100 கி.மீ. வேகம் என்றால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையே சற்று விஞ்சுகிறது. அந்த நிலையில் எஞ்சின் எவ்வளவு தரும் என்பதை விட, டயர் தரையைப் பற்றிக்கொண்டு எவ்வளவு வாங்கும் என்பதே எல்லையாக நிற்கிறது. போர்ஷே நான்கு டயர்களாலும் தள்ளுகிறது. அதோடு எஞ்சினின் எடை பின் சக்கரங்களை அழுத்திப் பிடிக்கிறது. மெக்லாரனுக்கு இரண்டு டயர்களே இருக்கின்றன. ஆனால் வேகம் கூடியபின் பிடிமானம் தடையாக இருப்பதில்லை, எடைக்கு எவ்வளவு திறன் என்பதே பேசுகிறது. 200 கி.மீ. வேகத்தை 720எஸ் 7.8 வினாடியில் தொடுகிறது. 911 எடுத்துக்கொள்வது 8.9 வினாடி. அதாவது 100இலிருந்து 200க்குப் போக மெக்லாரனுக்கு 4.9 வினாடியும் போர்ஷேக்கு 6.2 வினாடியும் தேவைப்படுகின்றன. இந்த வகைக் கார்களில் 1.3 வினாடி என்பது பெரிய இடைவெளி. உச்ச வேகம் முறையே 341, 330 கி.மீ.; அந்த வேறுபாட்டை அனுபவிக்கும் சந்தர்ப்பம் வாங்குபவருக்கு வாய்க்கப்போவதில்லை என்பதால் அந்த வரியை அட்டவணையிலிருந்து அடித்துவிடலாம்.

ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்தக் கார் வேகமானது என்பதல்ல. எந்த வேக எல்லைக்குள், எந்த மாதிரித் தரையில் ஓட்டப்போகிறீர்கள் என்பதே. ஈரமான சாலை, வளைவிலிருந்து வெளியேறும் தருணம், போக்குவரத்து விளக்கிலிருந்து புறப்படும் முதல் சில மீட்டர்கள் ஆகியவையே உங்கள் பயன்பாடு என்றால், கையேட்டில் தோற்ற எடைக்கணக்கு உங்களைப் பாதிக்காது. பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் நீண்ட நேர்கோட்டில் விரட்டுபவருக்கோ அதே கணக்குதான் எல்லாமே. இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்க இதழ்கள் பல, கார் முதல் ஓர் அடி தூரம் நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகின்றன, அதோடு 100 கி.மீ.க்குப் பதிலாக 60 மைல், அதாவது 96.6 கி.மீ. வரைதான் அளக்கின்றன. அங்கே வரும் எண்ணையும் ஐரோப்பிய நிறுவன எண்ணையும் ஒருபோதும் ஒப்பிட வேண்டாம்.

அட்டவணையில் இல்லாத ஒன்று, மிதியை அழுத்தியதும் எஞ்சின் எப்போது விழித்துக்கொள்கிறது என்பது. 911 டர்போவில் 2006 முதலே, டர்போவின் சுழலியைச் சுற்றி அசையும் சிறு தகடுகள் பொருத்தப்பட்டு வந்தன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அத்தகடுகள் நெருங்கி வழியைக் குறுக்குவதால், குறைவான புகைவாயுவும் வேகமாகப் பாய்ந்து சுழலியைத் திருகுகிறது. சுற்று கூடும்போது அவை விலகி வழிவிடுகின்றன. டீசல் எஞ்சின்களில் இது சாதாரணம். பெட்ரோல் எஞ்சினின் புகைவாயு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை கொதிப்பதால், அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகக் கலவைகளில் தகடுகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனாலேயே பெட்ரோல் கார்களில் இது அரிது. பலன் என்னவென்றால், 992 டர்போ எஸ்ஸின் உச்ச முறுக்குவிசையான 800 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே கையில் வந்துவிடுகிறது. மெக்லாரனின் 770 நியூட்டன் மீட்டர் 5500 சுற்றில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. அதற்குக் கீழே ஒரு சிறு தயக்கமும், அதைத் தாண்டியதும் ஒரு பாய்ச்சலும் உண்டு. சிலருக்கு அந்தப் பாய்ச்சலே காரின் உயிர். முந்திச் செல்ல மிதித்தவுடன் கார் கிளம்ப வேண்டும் என்பவருக்கு அது எரிச்சலூட்டும்.

ஸ்டீயரிங்கில் என் கருத்து மெக்லாரன் பக்கம் சாய்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் முழு மின் உதவிக்கு மாறிவிட்ட பிறகும், 720எஸ்ஸில் ஹைட்ராலிக் உதவியே தொடர்கிறது. தரையின் சிறு பள்ளமும் மேடும் விரல்களுக்கு வந்து சேர்கின்றன. போர்ஷேயின் மின் ஸ்டீயரிங் துல்லியமானது, ஆனால் பேச்சு குறைவு. அதற்கு ஈடாக 911இல் பின் சக்கரங்களும் திரும்புகின்றன: ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்துக்குக் கீழே முன் சக்கரங்களுக்கு எதிர்த் திசையிலும், 80 கி.மீ.க்கு மேலே அதே திசையிலும். நெருக்கடியான வாகன நிறுத்தத்தில் முன்பின் எடுத்துத் திருப்பும்போது இதன் அருமை தெரியும்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, மெக்லாரனில் பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கும் இரும்புத் தண்டே கிடையாது. நான்கு அதிர்வு தாங்கிகளும் எண்ணெய்க் குழாய்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஒரு பக்கம் அழுத்தப்படும்போது மறுபக்கம் ஈடுகொடுக்கின்றன. விளைவாக, வளைவில் சாயாத கார், மேடுபள்ளத்தில் ஆச்சரியப்படும் அளவுக்கு மெத்தென்று போகிறது. சவாரி மென்மைக்காக 911ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலரும் முன்கூட்டியே முடிவுகட்டியிருப்பார்கள். ஓட்டிப் பார்த்த பிறகு அந்த முடிவு மாறக்கூடும்.

இரண்டிலும் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்குகள் தரநிலையாகவே வருகின்றன. 911இல் முன்புறம் 420 மி.மீ., பின்புறம் 390 மி.மீ.; 720எஸ்ஸில் 390, 380 மி.மீ. எடை குறைந்த காருக்குச் சிறிய டிஸ்க் போதும் என்பதால், இதில் பெரியதே சிறந்தது என்று எண்ண வேண்டாம். கவனிக்க வேண்டியது மிதியின் கடினம். மெக்லாரனின் பிரேக் மிதி கல் போன்றது. பாதத்தின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லுமே தவிர, அதிகம் கீழே இறங்காது. நகரப் போக்குவரத்தில் மெல்ல நிறுத்தப் பழகச் சில நாட்கள் பிடிக்கும்.

அன்றாடப் பயன்பாட்டில் எண்கள் மீண்டும் ஒரு வேடிக்கை காட்டுகின்றன. 911இன் முன்பெட்டி 128 லிட்டர். 720எஸ்ஸின் முன்பெட்டி 150 லிட்டர், இருக்கைகளுக்குப் பின்னால் மேலும் 210 லிட்டர். இரண்டு பேர் மட்டும் அமரும் மெக்லாரனே சாமான் ஏற்ற வசதி என்று இதைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் அந்த 210 லிட்டர், தலைக்குப் பின்னால் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஒரு திறந்த மேடை. வெயிலும் படும், வெளியில் இருப்பவர் கண்ணும் படும், பிரேக் பிடித்தால் பை முன்னால் வரும். 911இன் பின் இருக்கைகளில் வளர்ந்தவர் உட்கார முடியாது, குழந்தைகள் உட்காரலாம். சாய்மானத்தை மடக்கினால் 264 லிட்டர் இடம் கிடைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே 911 பக்கம் போனவர்கள் ஏராளம், அதில் கேலிக்கு இடமில்லை.

கதவையும் சோதித்துப் பாருங்கள். மெக்லாரனின் கதவு கூரையின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு மேல்நோக்கி எழுகிறது. பக்கத்தில் இன்னொரு கார் நெருங்கி நின்றாலும் திறக்கலாம், ஆனால் உங்கள் நிறுத்துமிடத்தின் மேற்கூரை தாழ்வானது என்றால் திறக்கும் முன் ஒரு முறை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். ஏறும்போது முதலில் இடுப்பை இருக்கையில் வைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கார்பன் விளிம்பைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் இதைக் காட்சியறையில் ஒரு முறை அல்ல, பத்து முறை செய்து பார்க்க வேண்டும். உள்ளே அமர்ந்துவிட்டால் மெல்லிய தூண்களும் அகன்ற கண்ணாடியுமாகப் பார்வை நன்றாக விரிகிறது. நடுவில் எஞ்சின் வைத்த கார்களில் இது அபூர்வம். வேகத்தடைகளுக்காக முன்பக்கத்தை உயர்த்தும் வசதி இரண்டிலும் விருப்பப் பாகமாகவே விற்கப்பட்டது. அது இல்லாத காரை, விலை எவ்வளவு இறங்கி வந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். இரண்டு கார்களையும் அதே நாளில், அதே சாலையில், டயர்களில் நிறுவனம் சொன்ன காற்றழுத்தம் இருப்பதை உறுதிசெய்த பிறகு ஓட்ட வேண்டும். வெவ்வேறு வாரங்களில் ஓட்டினால் நினைவு தனக்குப் பிடித்ததை மட்டுமே வைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே ஓட்டுங்கள்: பின்னால் எடுத்து நிறுத்துவது, குறுகலான இடத்தில் திருப்புவது, ஊர்ந்து போகும் போக்குவரத்தில் கியர்பெட்டி குலுக்குகிறதா என்று பார்ப்பது. இவை எல்லாவற்றிலும் போர்ஷேயின் கியர்பெட்டி கண்ணுக்கே தெரியாமல் வேலை செய்யும். அதன் பிறகு கரடுமுரடான சாலை, கடைசியில்தான் வேகம். விற்பனையாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கவே விரும்புவார்கள், ஏனென்றால் ஒரு முறை முழு முடுக்கத்தை உணர்ந்த பிறகு வாங்குபவரின் மனம் மற்றவற்றைக் கவனிக்காது.

720எஸ்ஸின் இடத்தை 2023இல் 750எஸ் எடுத்துக்கொண்டது. 911 டர்போ எஸ்ஸும் 2025இல் 711 குதிரைத்திறன் கொண்ட ஹைபிரிட் வடிவத்துக்கு மாறிவிட்டது. எனவே இங்கே பேசப்படும் இரண்டும் பயன்படுத்தப்பட்ட கார்களாகவே உங்கள் கைக்கு வரக்கூடும். அப்போது ஒப்பீட்டின் எடை, மாடலிலிருந்து குறிப்பிட்ட அந்தக் காருக்கு மாறுகிறது. முதலில் டயர்களின் பக்கச் சுவரைப் பாருங்கள். டிஓடி (DOT) எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடிய காரில் டயரின் பள்ளங்கள் புதிதாகவே தெரியும், ரப்பரோ வயதாகி இறுகிப்போயிருக்கும். 700 சொச்சம் குதிரைத்திறனைத் தாங்கும் பின் டயருக்கு அது ஆபத்து. போர்ஷேக்கென்று அங்கீகரிக்கப்பட்ட டயரில் ‘என்’ (N) என்ற எழுத்தும், மெக்லாரனுக்கானதில் ‘எம்சி’ (MC) என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறி இல்லாத டயர்கள் மாட்டியிருந்தால், முந்தைய உரிமையாளர் வேறெங்கெல்லாம் சிக்கனம் பிடித்தார் என்று யோசிக்க வேண்டும்.

கார்பன் செராமிக் டிஸ்க்கின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு டிஸ்க்கைப் போல அது மெலிந்து காட்டுவதில்லை. உள்ளிருக்கும் கார்பன் எரிந்து குறைகிறது. எடை போட்டோ அல்லது அதற்கென்று உள்ள மின்காந்த அளவுக் கருவியாலோதான் மிச்ச ஆயுளைச் சொல்ல முடியும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்பதை விரலால் தடவியே அறியலாம். சக்கரத்தைக் கவனக்குறைவாகக் கழற்றி மாட்டும்போது இடித்துக்கொள்வது அந்த விளிம்புதான். டிஸ்க்குகளை மாற்றும் செலவு அதிர்ச்சி தரக்கூடியது என்பதால், இந்த அளவீட்டை எழுத்தில் பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மெக்லாரனைப் பரிசோதிக்கும்போது சஸ்பென்ஷன் எண்ணெய் அமைப்பில் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வாயுக் குடுவைகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவை காலப்போக்கில் வலுவிழக்கும் பாகங்கள், கார் மேடுகளில் விறைத்துக்கொண்டு துள்ளுவது அதன் அறிகுறி. காரைத் தூக்கி நிறுத்தி, கார்பன் கூட்டின் அடிப்பகுதியிலும் அலுமினியச் சட்டம் அதோடு சேரும் இடங்களிலும் விரிசலோ பழுதுபார்த்த தடமோ இருக்கிறதா என்று, அதில் பழகிய ஒருவரே பார்க்க வேண்டும். சட்டம் வளைந்தால் மாற்றிவிடலாம்; கூடு உடைந்தால் பெரும்பாலும் காரே முடிந்தது. போர்ஷேயில் இத்தகைய ஒற்றைப் பயம் எதுவுமில்லை. அதனால்தானோ என்னவோ, 911 டர்போக்கள் மறுவிற்பனையில் மதிப்பை நன்றாகத் தக்கவைக்கின்றன. 720எஸ்ஸின் விலை முதல் சில ஆண்டுகளில் வேகமாக இறங்கியது. புதிதாக வாங்கியவருக்கு அது நட்டம், இப்போது வாங்குபவருக்கு அதுவே வாய்ப்பு. ஆனால் விலை இறங்கினாலும் பராமரிப்புச் செலவு இறங்குவதில்லை என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் இருப்பிடத்துக்கு எட்டும் தூரத்தில் மெக்லாரனைத் தொடத் தெரிந்த பணிமனை இருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கப்போவது ஒரே கார் என்றாலும், மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஓட்டப்போகிறீர்கள் என்றாலும், 911 டர்போ எஸ்ஸையே எடுங்கள் என்பேன். அன்றாடத் தேவைக்கு வேறு வண்டி இருக்கிறது, இது ஓட்டும் இன்பத்துக்கு மட்டுமே என்பவர் 720எஸ்ஸை எடுத்துக்கொண்டு போர்ஷேயை மறந்துவிடலாம். அந்த ஸ்டீயரிங்கும் 100 கி.மீ.க்கு மேற்பட்ட அந்தப் பாய்ச்சலும் மற்றக் காரில் கிடைக்காது.

எதை எடுத்தாலும், கையெழுத்துக்கு முன் காருடன் வந்த பொருட்களைச் சரிபாருங்கள்: இரண்டாவது சாவி, பராமரிப்புப் பதிவேடு, நிறுத்தி வைக்கும் காலத்துக்கான பேட்டரி சார்ஜர், டயர் பஞ்சரை அடைக்கும் திரவம். 911 டர்போ எஸ்ஸின் சக்கரம் ஐந்து போல்ட்டுகளில் அல்லாமல் நடுவில் உள்ள ஒரே பெரிய நட்டில் நிற்கிறது. அதை 600 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்க வேண்டும், சாதாரண ஸ்பேனரில் நடக்காது. அதற்கான சாக்கெட் முன்பெட்டியில் இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் காரை எடுத்து வந்துவிட்டால், அது இல்லை என்பதைச் சாலையோரத்தில் நிற்கும்போதுதான் அறிவீர்கள்.